சீனி போடாத தேத்தண்ணி

அத்தியாயம் 6

மூன்று தாள்களில் முதல் இரண்டையும் பார்த்தபோது ஸுல்பிகாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதைப் பார்த்ததும் கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பாலாவிச் சந்தியில், முஹ்ஸினின் கொம்பியூட்டர் கடை. வெளியே சீமெந்து லொறி போகும் ஒவ்வொரு தடவையும் மேசையில் மெல்லிய வெள்ளைத் தூள் படியும். முஹ்ஸின் அதைப் பழைய பனியனால் துடைப்பான். அடுத்த லொறி வரும். அந்தத் தூளுக்கு நடுவில்தான் தாள்கள் கிடந்தன.

ஸுல்பிகா இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழுக்குப் புத்தளத்து நிருபராக இருந்தவள். பத்திரிகை மெலிந்து மெலிந்து ஒருநாள் அவளுக்கு இடமில்லாமல் போனபோது, அவளிடம் மிஞ்சியது கேள்வி கேட்கும் பழக்கம் மட்டுமே. இப்போது வக்கீல்களும் குடும்பங்களும் அந்தப் பழக்கத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். துப்பறிவாளர் என்று அவள் பலகை மாட்டவில்லை. மாட்டினால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் ஆட்கள் வருவார்கள் என்பது கஜமுகனின் அபிப்பிராயம். கஜமுகன் அவளுடைய உதவியாளன். நாற்பத்தைந்து வயது. யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த தாய் தகப்பனோடு பாலாவியில் வளர்ந்தவன், சொந்தமாக ஒரு ஓட்டோவும் சொந்தமாக ஒரு வாயும் வைத்திருப்பவன்.

விஷயம் இதுதான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த ஒரு கிராமத்து மக்களுக்கு ஓர் ஒன்றியம் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறது: மரண அறிவித்தல், பெருநாள் வாழ்த்து, அங்கத்தவர் பட்டியல். அதில் கலந்து பேச ஒரு கருத்துக்களமும் வேண்டும் என்று பெண்கள்தான் கேட்டார்கள். வட்ஸ்அப் குழுவில் எழுதினால் போன் நம்பர் ஊருக்கே தெரிந்துவிடுகிறது; புனைபெயரில் எழுதக்கூடிய இடம் வேண்டும். ஒன்றியம் இணங்கியது. இரண்டு மாதப் பரீட்சார்த்தம், பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் கூட்டம் போட்டு நிரந்தரமாக்குவது என்று முடிவு.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கருத்துக்களத்தில் 'தாழை' என்ற பெயரில் ஒருத்தி எழுதினாள். ஊரில் உதவிப் பணத்தில் கட்டப்படும் நாற்பது வீடுகளின் பட்டியலில் மாதத் தொடக்கத்தில் ஏழு விதவைகளின் பெயர்கள் இருந்தன, மாத முடிவில் இல்லை, அந்த இடத்தில் ஒன்றியத்துப் பெரியவர்களின் ஆண்மக்கள் வந்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்டாள். நான்காம் நாள் ஒன்றியம் நடத்தும் பாலர் பாடசாலையின் ஆசிரியை பஸீஹாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒன்பது வருடம் அவள் திறந்து மூடிய பாடசாலையின் சாவியை ஒப்படைக்கும்படி. காரணம் எழுதப்படவில்லை. காரணம் தேவைப்படவும் இல்லை, தாழை அவள்தான்.

தாழை யார் என்று பஸீஹா சொல்லியிருந்தது ஒரேயொருத்தியிடம்: கூடப் படிப்பிக்கும் நிஸ்ரின். இருபது வருடச் சிநேகிதி. கடிதம் வந்த நாளிலிருந்து இருவரும் பேசுவதில்லை. ஸுல்பிகாவின் முன்னால் உட்கார்ந்து பஸீஹா அழவில்லை. முந்தானையின் நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே ஒன்றை மட்டும் கேட்டாள்.

"சாவி போனாப் போகட்டும் ராத்தா. நிஸ்ரின்தானா எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

ஆகவேதான் பாலாவி, ஆகவேதான் முஹ்ஸின்.

வலைத்தளத்தைப் பராமரிப்பவன் அவன். கருத்துக்களத்துக்கு மூன்று மென்பொருள்களை அவன் தேடிப்பிடித்திருக்கிறான். முதலாவது இலவசம், ஆட்கள் புதிதாகப் பதிந்து, விரும்பிய பெயரில் எழுதலாம், பின்னால் இருப்பது யாரென்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடையது. விளம்பரம் வரும், எந்த நேரம் என்ன படம் வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மூன்றாவது, வலைத்தளத்தில் ஏற்கெனவே இருக்கும் அங்கத்தவர் பட்டியலோடு நேரே இணைவது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கம் அவர்களுடைய பழைய நிவாரண அட்டை நம்பர். தொண்ணூறில் முகாமில் அரிசியும் பருப்பும் வாங்கிய அட்டை. அட்டை எப்போதோ கிழிந்துபோனது. நம்பரை மறந்த ஆள் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. அந்த நம்பரைக் கொடுத்து உள்ளே போய், ஒரு புனைபெயரைச் சூட்டிக்கொண்டு எழுதலாம். வெளியே தெரிவது பெயர் மட்டும். நிர்வாகியின் பக்கத்தைத் திறந்தால் பெயருக்கு நேரே அட்டை நம்பர் நிற்கும்.

ஒன்றியம் மூன்றாவதைத்தான் தெரிவுசெய்தது.

தெரிவுசெய்தவர்கள் மூன்று பேர்: தலைவர் நெய்னார் ஹாஜியார், செயலாளர் ஹிஸ்புல்லா, முஹ்ஸின். முஹ்ஸின் எட்டுக் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்திருந்தான். வேகம், தமிழில் எழுதும் வசதி, போனில் திறக்குமா என்றெல்லாம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. தாளில் பெயர் எழுதத் தேவையில்லை. ஏழாவது கேள்வி: புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரை நிர்வாகி அறியலாமா, தனிக்கடிதங்களை வாசிக்கலாமா?

அது எச்சரிக்கைக்காகப் போட்டது என்றான் முஹ்ஸின். அறியலாம் என்றால் புள்ளியைக் குறைக்க வேண்டும். அவன் தன்னுடைய தாளில் மூன்றாவது மென்பொருளுக்குச் சைபர் போட்டிருந்தான். இன்னொரு தாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

மூன்றாவது தாளில் பத்துக்குப் பத்து. அடியில் இரண்டு கோடுகள், அடிமட்டம் வைத்து இழுத்தவை.

ஒரு பெண்ணின் தனிக்கடிதத்தைப் பிரித்து வாசிக்கலாமா என்று கேட்டதற்கு, யாரோ ஒருவர் அமைதியாக உட்கார்ந்து, அடிமட்டம் தேடியெடுத்து, மிக நன்று என்று கோடு போட்டிருக்கிறார். ஸுல்பிகா அந்தத் தாளை விரல் நுனியால் தள்ளிவைத்தாள்.

"நிர்வாகியின்ட சாவி ஆர்ட்ட?" என்றாள்.

"கடதாசி உறையில போட்டுக் கமிட்டிக் கூட்டத்தில குடுத்தன். முதல் நாளே ஆரோ பாஸ்வேர்ட மாத்திட்டாங்க. எனக்கே இப்ப உள்ள போக ஏலாது. வீட்டைக் கட்டிக் குடுத்தவன் நான், திண்ணிறது குடிக்கிறது எல்லாம் அவங்க." முஹ்ஸின் பனியனால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "தாளப் பாத்த அண்டைக்கே கேட்டிருக்கணும். கேக்கல்ல."

"தாளில பேர் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் நம்பர்," என்றான் கஜமுகன். "பத்து எண்டு எழுதுறதில ஒருத்தற்ற குணத்தைக் கண்டுபிடிக்கலாம் எண்டு யாராவது சொன்னால் எனக்கும் சொல்லுங்கோ அக்கா. பத்தாம் வகுப்பில நான் எடுத்த புள்ளியைக் காட்டுறன்."

ஸுல்பிகா வெளியே வந்தாள். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து தன் போனில் கருத்துக்களத்தைத் திறந்தாள். அவளும் அந்த ஊர்தான்; மௌத்தாகி மண்ணுக்குப் போன வாப்பாவின் அட்டை நம்பர் அவளுக்கும் மனப்பாடம். எழுதும் முன் பெண்கள் பகுதியை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய உதிரப்போக்கு. மாமியாரின் அடி. 'உப்புக்காற்று' என்றொருத்தி எழுதியிருந்தாள்: எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பதை வெளி ஆட்கள் வரும்போது மட்டும்தான் பார்க்கிறேன், முப்பத்தாறு வருடமாகிறது. அதற்கு 'நலன்விரும்பி' என்ற பெயரில் மறுமொழி: பொறுமையாக இருங்கள் சகோதரி, முழங்கால் நோவோடு கோபமும் சேர்ந்தால் உடம்பு தாங்காது.

இவ்வளவையும் ஒருவர் பெயர் பெயராக, வீடு வீடாக அறிந்துகொண்டே வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அவள் 'கடைசி பஸ்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, மருத்துவப் பகுதியில் எழுதினாள். சிலாபத்தில் டொக்டரிடம் காட்டினேன், சீனி வருத்தம் கூடிவிட்டது, இனித் தேத்தண்ணிக்கும் சீனி தொடக்கூடாது என்கிறார், யாருக்கும் சொல்லவில்லை, மனது சரியில்லை.

முன்னிருக்கையிலிருந்து கஜமுகன் கழுத்தைத் திருப்பி வாசித்தான்.

"நீங்கள் மூண்டு கரண்டி போட்டுக் குடிக்கிற ஆள். போன மாதம் இரத்தம் சோதிச்சுச் சீனி சரியா இருக்கெண்டு எனக்குத் தாளைக் காட்டினனீங்கள்."

"ஓம்."

"அப்ப இது பொய்."

"இது இரை. எங்கட ஆக்கள் வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாங்க. நோவுக்காரி எண்டு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரித்தான் குடுப்பாங்க. கை தானாப் போகும்."

"விளங்குது. வியாழக்கிழமை தேத்தண்ணி குடிக்கப் போறம்." கஜமுகன் ஓட்டோவைக் கிளப்பினான். "கைரேகை, இரத்தத் துளி எண்டு மற்ற ஆக்கள் தேடுவினம். எங்கட பங்குக்குச் சீனிக் கரண்டி."

வியாழன் காலை கற்பிட்டி வீதியில் ஹிஸ்புல்லாவின் வெங்காயக் களஞ்சியம். அழுகிய வெங்காயத்தை வாசலில் குவித்திருந்தார்கள். அதன் சாறு சீமெந்துத் தரையில் வழிந்து ஈ மொய்த்தது. ஹிஸ்புல்லா அந்தச் சாற்றைத் தாண்டிப் போகக்கூட ஆட்களுக்கு வழி விடாதவர். ஸுல்பிகாவைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பினார், அது அவளுடைய செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. சாவியைக் கேட்டுப் பஸீஹாவுக்குப் போன கடிதத்தில் இருந்தது இந்த மனிதரின் கையெழுத்து. இவராக இருந்தால் எவ்வளவு வசதி என்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே கொஞ்சம் சந்தேகப்பட்டாள்.

அட்டை நம்பரோடு இணைக்கிற மென்பொருளை முன்மொழிந்தது தான்தான் என்று அவர் கேட்காமலே சொன்னார். கிழடு கட்டைகளுக்குப் புதிதாகப் பாஸ்வேர்ட் கொடுத்தால் மறுநாள் மறந்துவிடும், அட்டை நம்பர் கபுர்க் குழியிலும் மறக்காது. தன் நம்பரை ஒப்பித்தும் காட்டினார். ஏழாவது கேள்வி விளங்கவில்லை, அதனால் வெறுமையாக விட்டாராம். கடிதத்தைத் தலைவர் எழுதிக்கொண்டு வந்தார், இவர் கையெழுத்துப் போட்டார். வாசித்தீர்களா என்று கேட்டதற்கு, வாசித்தால் தூக்கம் போகும் என்றார். உறை எங்கே என்றபோது தோளைக் குலுக்கினார்.

"ஹாஜியார்தான் கொண்டுபோனார். எனக்குப் போன்ல எழுத்தே தெரியிறல்ல."

பிறகு, துரத்துவதற்கு முன் செய்ய வேண்டிய கடமைபோல, பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினார். மூன்று தேத்தண்ணி வந்தது. கரண்டி நிமிர்ந்து நிற்கிற அளவுக்குச் சீனி. ஸுல்பிகா கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"குற்றவாளி எண்டு முகத்தில எழுதி ஒட்டியிருக்கு," என்றான் கஜமுகன், ஓட்டோவைத் திருப்பிக்கொண்டே. "ஆனா ஒட்டினவன் ஆள் மாறி ஒட்டிப்போட்டான்."

ஸுல்பிகா சிரிக்கவில்லை. மிஞ்சியது ஒரு வீடு. அது தலைவருடையது, பஸீஹாவின் சொந்தத் தாய்மாமன் வீடு. சாவிக் கடிதம் வந்த அன்று பின்னேரம் முதலில் ஆறுதல் சொல்ல வந்தவர் அவர். பாண் ஒரு இறாத்தலும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து, வெளியாள் யாரும் செய்யவில்லை மகள், பக்கத்தில் இருக்கிறவளைப் பார் என்று சொன்னவரும் அவர்தான்.

நெய்னார் ஹாஜியாரின் வீட்டில் எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கதிரைகளுக்கு வெள்ளை உறை. அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் நினைவுக் கேடயங்கள். ஹாஜியார் வாசல்வரை வந்து, கஜமுகனையும் கையைப் பிடித்து அழைத்துப்போய் மின்விசிறிக்கு நேரே இருத்தினார். அவர் சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். வலக்கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது. இடக்கைப் பக்கம், மேசையில், பெரிய திரையோடு புதிய போன் ஒன்று குப்புறக் கிடந்தது.

மருமகளுக்காக ஸுல்பிகா அலைவதை அவர் பாராட்டினார். காலம் கெட்டுப்போச்சு என்றார். சிநேகிதியின் வாய்தான் பெண்ணுக்கு எதிரி என்றார். நாளைக் கூட்டத்தில் கருத்துக்களத்தை நிரந்தரமாக்கிவிட வேண்டும், பெண்கள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டார். புனைபெயருக்குப் பின்னால் யாரென்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று ஸுல்பிகா விசாரித்தாள். அவருக்கு அந்த நுட்பமெல்லாம் தெரியாதாம். அதெல்லாம் முஹ்ஸின் தம்பியின் வேலை. பேச்சின் நடுவே அவர் உள்ளே எழுந்துபோய்த் திரும்பி வந்தார்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவருடைய மனைவி றஹ்மத் உம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். ஒரு காலை ஊன்றவும் மற்றக் காலை இழுக்கவுமாக, கதிரையைப் பிடித்துப் பிடித்து நடந்தார். முதல் கோப்பையை ஸுல்பிகாவின் முன்னால் தனியாக வைத்தார்.

"இதுக்குச் சீனி போடல்ல மகள். இவர்தான் சொன்னார், சிலாபத்தில டொக்டர் வேணாமெண்டிட்டாராமே. ஆண்டவன் லேசாக்கி வைப்பான்."

மின்விசிறி சுற்றியது. கஜமுகன் தன் கோப்பையை எடுக்காமல், கூரையில் எதையோ எண்ணுபவன்போல அண்ணாந்து பார்த்தான்.

ஸுல்பிகா ஒரு மிடறு குடித்தாள். கசந்தது.

"ஹாஜியார், எனக்குச் சீனி வருத்தம் இல்ல. நான் சிலாபத்துக்குப் போகவும் இல்ல. செவ்வாய்க்கிழமை 'கடைசி பஸ்' எண்டு ஒருத்தி எழுதினா. அவளுக்குத்தான் வருத்தம்."

தஸ்பீஹ் நின்றது. சிரிப்பு நிற்கவில்லை, முகத்தில் இருந்தபடியே அதன் சூடு மட்டும் இறங்கிப்போயிற்று. யாரோ சொல்லக் கேட்டேன் என்றார். யார் என்றாள். ஊரில் கதைக்கிறார்கள் என்றார். ஊரில் எவருக்கும் தெரியாது, அது உலகத்தில் இல்லாத ஒரு நோய் என்றாள். பத்துக்குப் பத்துப் போட்ட தாளைப் பற்றியும், அடிமட்டத்தைப் பற்றியும், வீட்டுப் பட்டியலில் ஏழு விதவைகளுக்குப் பதிலாக வந்தவர்களில் அவருடைய மகன் றஸீன் முதலாவதாக இருப்பதைப் பற்றியும் ஒரு செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள்.

ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். அது கெஞ்சலும் இல்லை, வெட்கமும் இல்லை.

"பொம்புளைகள் கூடிக் கதைக்கிற இடத்தில ஒரு பெரிய மனிசன் காவலுக்கு இருக்கத்தானே வேணும். நான் கெட்ட எண்ணத்தில பாக்கல்ல. வாசிச்சு ஆறுதலும் சொல்லியிருக்கன்."

ஸுல்பிகாவுக்கு வாயில் வந்தது தேத்தண்ணியின் கசப்பு அல்ல. சொந்த மருமகளின் சோற்றைத் தட்டிவிட்டு, பாணும் பழமும் வாங்கிக்கொண்டு போய், பழியை நிஸ்ரின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது நன்றியை எதிர்பார்க்கிறார்.

அப்போதுதான் தட்டு மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. றஹ்மத் உம்மா உள்ளே போயிருக்கவில்லை.

"அந்தப் பேருகளுக்குப் பின்னால என்ன தெரியும் மகள்?"

"நிவாரண அட்டை நம்பர் மாமி."

றஹ்மத் உம்மா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மனதில் தேடவில்லை; உதடு தானாகவே சொல்லிற்று.

"நாலாயிரத்து நூற்றிப் பதினேழு." பிறகு கணவரைப் பார்த்தார். "உப்புக்காற்று எண்ட பேருக்குப் பின்னால எங்கட நம்பர்தானே இருந்திருக்கும்."

ஹாஜியார் குப்புறக் கிடந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

"நலன்விரும்பி எண்டு ஒரு ஆள் எனக்கு மறுமொழி எழுதினார்," என்றார் றஹ்மத் உம்மா. குரல் உயரவில்லை. "முழங்கால் நோவோட கோபப்படாதீங்க எண்டு. நான் அத வாசிச்சு அழுதன். ஆரோ ஒரு நல்ல மனிசன், என்ட நோவ விளங்கிக்கொண்டிருக்கார் எண்டு. பிறகுதான் யோசிச்சன். முழங்கால் நோவப் பத்தி நான் எழுதவே இல்லயே."

"றஹ்மத்து," என்றார் ஹாஜியார்.

"ரெண்டு மாசம். அத வாசிச்சிட்டு வந்து, என்ட கையால சோறு வாங்கித் திண்டிருக்கீங்க. வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல்ல. வேற ஒருத்தர்ட பேரில வந்து பொறுமையா இரு எண்டிருக்கீங்க."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கறுப்பு அபாயா போட்டிருந்தார். கணவரிடம் எதுவும் கேட்கவில்லை, ஸுல்பிகாவிடம்தான் கேட்டார், ஓட்டோவில் தனக்கும் இடம் இருக்குமா என்று.

ஸுல்பிகா எழுந்தாள். முஹ்ஸினைக் கூப்பிட்டு, நாளைக் கூட்டத்தில் மூன்று தாள்களையும் காட்டத் தயாரா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு லொறி போய் முடிந்த பிறகு, ஓம் என்றான். பஸீஹாவுக்கு இரண்டே சொற்கள் எழுதி அனுப்பினாள்: நிஸ்ரின் இல்லை. அனுப்பிய கணமே பஸீஹா பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. பதில் வரவில்லை. வராது என்று ஸுல்பிகாவுக்குத் தெரியும். பதில் போக வேண்டிய இடம் இது இல்லை.

றஹ்மத் உம்மாவின் காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைக்கக் கஜமுகன் உதவினான். அவனிடமிருந்து ஒரு பகிடியும் வரவில்லை. எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

"முதல்ல நிஸ்ரின்ட வீடு. அவளையும் ஏத்திக்கிட்டுப் பஸீஹாட்டப் போவம். சேர்த்து வைக்க வேண்டியது நான். நாளைக்குக் கூட்டத்திலயும் நான்தான் கதைக்கணும், மகள். பாத்தது எல்லாத்தையும் சொல்லுவன்."

ஓட்டோ திரும்பியது. ஹாஜியார் வாசல்படியில் வந்து நின்றார், போன் இன்னும் கையில் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர்.

பள்ளிவாசல் பக்கம் சைக்கிளில் போன ஒருவர் அவரைக் கண்டு ஸலாம் சொன்னார்.

ஹாஜியார் சிரித்தார். முகம் முழுவதும்.

"பாருங்க மகள்," என்றார் றஹ்மத் உம்மா, திரும்பிப் பார்க்காமலே. "இப்ப சிரிப்பார்."